விலைச் சீட்டைப் பார்த்துப் போட்ட கணக்கு: என் கடைக்குக் காப்புறுதி கொடுத்த நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இழப்பீட்டுப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

என் கடையில் பிடித்த தீக்கு இழப்பீடாக 24,980 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் வவுச்சரில், அதாவது பணத்தைப் பெற்றுக் கணக்கை முடித்துக்கொள்ளும் ஒப்புதல் தாளில், நான் கையெழுத்துப் போடவில்லை. "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று அதில் அச்சடித்திருக்கிறீர்கள். கணக்கு தப்பாக இருக்கும்போது அப்படி எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தாள் இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

இதற்கு முன்னால் மூன்று கடிதம் எழுதினேன். முதல் இரண்டுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதில் வந்தது. மூன்றாவதற்குப் பதிலே வரவில்லை. எங்கள் வரிசையில் பதினொரு கடைகள். அதில் என்னையும் சேர்த்து ஏழு கடைக்கு ஒரே ஏஜெண்டு, ஒரே மாதிரிப் பாலிசி. எனக்கு நடந்தது நாளைக்கு அவர்களுக்கும் நடக்கலாம். அதனால்தான் இந்தத் தடவை பொதுவில் எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரையும் ஏஜெண்டின் பெயரையும் நான் எழுதவில்லை. பாலிசி எண் உங்களிடம் இருக்கிறது, அது போதும்.

கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்றும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். உங்கள் பாலிசியிலும் அப்படியே. 2013-இல் ஏஜெண்டு எழுதிய முகவரியில் பழைய பெயர் இருக்கிறது, கடை உரிமத்தில் புதுப் பெயர் இருக்கிறது. தீ அணைந்த நான்காம் நாள் கோலாலம்பூரிலிருந்து இழப்பை மதிப்பிட வந்த அட்ஜஸ்டர் தம்பி கேட்ட முதல் கேள்வியே, "அக்கா, இது ரெண்டும் ஒரே ஊரா?" என்பதுதான். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுற்றிலும் செம்பனை. என் மாமனார் கடை தொடங்கிய காலத்தில் ரப்பர். லயத்து வீடுகளை விட்டு நம் சனங்கள் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) வந்துவிட்டார்கள். தோட்டத்தில் இப்போது வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள். அவர்கள், தாமான் குடும்பங்கள், யுனிசெல் பல்கலைக்கழக மாணவர்கள், இவ்வளவுதான் என் வாடிக்கையாளர்கள். சம்பளம் போடும் ஏழாம் தேதி வரைக்கும் 555 என்கிற சின்னக் கணக்குப் புத்தகத்தில் கடன், அப்புறம் ரொக்கம். சாதாரண மாதத்தில் 55,000 வெள்ளிச் சரக்குக்கு மேல் கடையில் இருக்காது. தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம் மட்டும் கதை வேறு. உளுந்து, எண்ணெய், பச்சரிசி மாவு, நெய் டின், ஊதுபத்தி என்று மாடிப்படி வரைக்கும் அடுக்கியிருப்பேன். நடக்கிற வழியில் ஒருவர் வந்தால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

கடந்த தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், விடியற்காலை நாலு மணிக்கு, பக்கத்துக் கடையில் குளிர்பெட்டி ஒயர் பற்றிக்கொண்டது. நடுவில் இருப்பது பழைய பலகைச் சுவர். பொம்பா (தீயணைப்பு) வண்டி வருவதற்குள் என் கடையின் முன்பாதி போய்விட்டது. வந்தவர்கள் நன்றாகவே வேலை செய்தார்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. நெருப்பு தொடாத பின்பாதிச் சரக்கில் பாதியை அவர்கள் அடித்த தண்ணீர் கெடுத்தது. அதுவும் தீயின் இழப்பில் சேரும் என்று உங்கள் ஆளே சொன்னார், அதில் நமக்குள் தகராறு இல்லை. விடிந்ததும் உள்ளே போனேன். துவரம்பருப்பு மூட்டைகள் தண்ணீரில் ஊறித் தையல் விட்டுப் பிளந்து கிடந்தன. பிளாஸ்டிக் வாளிகள் உருகி, மங்குக் கிண்ணத்தில் உறைந்த ரப்பர் பால் மாதிரி தரையோடு ஒட்டியிருந்தன. சீனி கரைந்து பாகாகிச் சாக்கடை வரைக்கும் ஓடி, அதில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

போலீஸ் புகார், பொம்பா அறிக்கை, ஒரு வருடத்து வாங்கிய பில்கள், வங்கிக் கணக்கு, நகராட்சி உரிமம், பதிவுச் சான்றிதழ் என்று கேட்டதெல்லாம் இரண்டு வாரத்தில் கொடுத்தேன். பில் கட்டுகள் வீட்டில் இருந்ததால் தப்பின. அந்த விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவள்.

இனி அட்ஜஸ்டர் தம்பி வந்த நாள். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. மரியாதையான பையன், செருப்பைக் கழற்றிவிட்டுச் சாம்பலில் நடக்கப் போனார், நான்தான் தடுத்தேன். ஆனால் அவர் கணக்கெடுத்த விதத்தை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். எரியாத அலமாரியிலிருந்து மசாலாப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். பின்பக்கம் திருப்பி ஒட்டியிருந்த விலைச் சீட்டைப் பார்த்தார். 4.50. அதை எண்ணிக்கையால் பெருக்கிக் கைப்பேசியில் தட்டினார். அடுத்தது கடுகு, அடுத்தது பால் மாவு, எல்லாம் அதே மாதிரி. எரிந்துபோன சாமான்களில் விலைச் சீட்டு ஏது? அதற்கு என் விலைப் பட்டியல் நோட்டைக் கேட்டார். நான் கடையில் விற்கிற விலையை எழுதிவைக்கிற நோட்டு அது. இரண்டையும் கூட்டி, தீப்பிடித்த நேரத்தில் கடையில் இருந்த மொத்தச் சரக்கு 91,900 வெள்ளி என்று எழுதினார். இழப்பு எவ்வளவு என்று கணக்கிடும்போது மட்டும் அந்த நோட்டை மூடிவைத்துவிட்டு, வாங்கிய பில்லைக் கேட்டார். பில் படி என் இழப்பு 41,800 வெள்ளி.

அன்றைக்கு எனக்கு இதன் அர்த்தம் புரியவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது.

கடிதத்தில் "எவரேஜ்" என்று ஒரு விதி. ஏஜெண்டைக் கேட்டேன். "அது சும்மா சராசரி அக்கா, எல்லாப் பாலிசியிலும் இருக்கும்" என்றார். சராசரிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. படிக்கிற மற்ற கடைக்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு லட்சம் வெள்ளிச் சரக்கை வைத்துக்கொண்டு அறுபதாயிரத்துக்குத்தான் காப்புறுதி எடுத்திருக்கிறீர்கள் என்றால், மீதி நாற்பதாயிரத்துக்கு நீங்களே காப்புறுதி கொடுத்துக்கொண்டதாக நிறுவனம் எடுத்துக்கொள்ளும். எந்த இழப்பு வந்தாலும், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், நூற்றுக்கு அறுபது பங்குதான் தருவார்கள். பத்தாயிரம் எரிந்தால் ஆறாயிரம். "அறுபதாயிரத்துக்குப் போட்டிருக்கிறோம், எரிந்தது அதைவிடக் கம்மிதானே, முழுசாகக் கிடைக்கும்" என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தப்பு.

விதியை நான் எதிர்க்கவில்லை. பாலிசியில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்த விதியை என் கடைக்குப் போட்ட விதத்தைத்தான் எதிர்க்கிறேன்.

உங்கள் கணக்கு இப்படி. காப்புறுதித் தொகை 60,000. கடையில் இருந்த மொத்தம் 100,400. இழப்பு 41,800. அறுபதாயிரத்தை 100,400-ஆல் வகுத்து இழப்போடு பெருக்கினால் 24,980. பெருக்கல் வகுத்தலில் பிழை இல்லை. உள்ளே போன எண்ணில்தான் பிழை.

முதல் பிழை விலை. மொத்தச் சரக்கை விற்கிற விலையில் மதிப்பிட்டீர்கள், எரிந்த சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிட்டீர்கள். என் கடையில் லாபம் சாமானுக்குச் சாமான் மாறும், சராசரியாக நூற்றுக்குப் பதினைந்து வரும். அந்தப் பதினைந்தை, எனக்குக் கொடுக்கும்போது "காப்புறுதி லாபத்துக்கு இல்லை" என்று கழிக்கிறீர்கள். என் காப்புறுதி போதவில்லை என்று காட்டும்போது சேர்த்துக்கொள்கிறீர்கள். தீக் காப்புறுதி இழந்ததை ஈடுகட்டத்தான், லாபம் பார்க்க அல்ல. அதைப் படித்துத் தெரிந்துகொண்டேன், நியாயம்தான். அப்படியென்றால் தராசின் இரண்டு தட்டிலும் ஒரே படிக்கல்லைப் போடுங்கள். கிள்ளான் மொத்த வியாபாரியின் பில்லையும் வேன் வாடகையையும் சேர்த்து நான் கூட்டிப் பார்த்தேன். அன்றைக்குக் கடையில் இருந்த என் சொந்தச் சரக்கு 79,600 வெள்ளி.

இரண்டாவது பிழை முறுக்கு. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

91,900 எப்படி 100,400 ஆனது? நடுவில் இருக்கிற 8,500 வெள்ளி, சிவப்பு மூடி போட்ட 425 போத்தல் பலகாரம். அச்சு முறுக்கு, நெய்யுருண்டை, அல்வா பிஸ்கட், ஒரு போத்தல் 20 வெள்ளி. அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. தாமானில் இருக்கிற ஒன்பது பெண்கள் வீட்டில் செய்து, விற்றுக் கொடுக்கச் சொல்லி என்னிடம் வைத்தவை. போத்தலுக்கு இரண்டு வெள்ளி எனக்கு, பதினெட்டு அவர்களுக்கு. அதில் ஒரு பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல். முன்பு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கை நடுக்கத்தில் அச்சை எண்ணெயில் இறக்க முடியாமல் பேத்தியை வைத்து இறக்கி, அறுபது போத்தல் கொண்டுவந்து அடுக்கியிருந்தார். எல்லாம் முன் அலமாரியில் இருந்தன. எல்லாம் போய்விட்டது.

அட்ஜஸ்டர் தம்பி கேட்டபோது மறைக்காமல் சொன்னேன், நோட்டையும் காட்டினேன். உங்கள் கடிதத்தில் அதற்கு எழுதியிருக்கும் பதில்: பிறர் நம்பி ஒப்படைத்த பொருளும் கமிஷனுக்கு விற்கும் பொருளும் பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய சேராது. சரி. எனக்கு அது தெரியாது, பாலிசியில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அந்த 8,500-க்கு நான் உங்களிடம் ஒரு காசும் கேட்கவில்லை. அந்தப் பெண்களுக்குச் சேர வேண்டிய 7,650 வெள்ளியை என் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பாலிசிக்குள் சேராத பொருளை, என் கடையில் இருந்த மொத்தச் சரக்கில் மட்டும் எப்படிச் சேர்த்தீர்கள்? இழப்பைக் கணக்கிடும்போது முறுக்கு அடுத்தவருடையது. எவரேஜ் போடும்போது முறுக்கு என்னுடையதா? மூன்று கடிதத்திலும் இதைத்தான் கேட்டேன். பதில் இல்லை.

இரண்டு பிழையையும் திருத்தினால், 60,000-ஐ 79,600-ஆல் வகுத்து 41,800-ஓடு பெருக்க வேண்டும். 31,507 வெள்ளி வரும். உங்கள் கணக்குக்கும் என் கணக்குக்கும் வித்தியாசம் 6,527 வெள்ளி. உங்களுக்கு அது சின்னத் தொகையாக இருக்கலாம். எனக்கு அது உளுந்து வியாபாரிக்குப் பாக்கி.

41,800 முழுவதையும் நான் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தீபாவளிச் சரக்குக்கு அறுபதாயிரம் போதாது என்பது என் பங்குத் தவறு. என் பங்கு என்றுதான் சொல்கிறேன், முழுத் தவறு என்று சொல்லவில்லை. அந்த அறுபதாயிரத்தின் கதையையும் நீங்கள் கேட்க வேண்டும்.

2013-இல் என் கணவர் உயிரோடு இருந்தபோது எழுதிய தொகை அது. அப்போது சாதாரண மாதச் சரக்கு நாற்பதாயிரத்தைத் தாண்டாது. தீபாவளியையும் மனத்தில் வைத்துத்தான் அறுபது போட்டார். அவர் போன பிறகு நான் ஒவ்வொரு வருடமும் புதுப்பித்தேன். புதுப்பித்தல் என்றால் என்ன? வருடத்துக்கு ஒருமுறை ஏஜெண்டு வருவார், ஒரு மைலோ குடிப்பார், போன வருடத் தாளையே மறுபடி நீட்டுவார், நான் பணம் கொடுப்பேன். அறுபது நாளுக்குள் பிரீமியம் கட்டாவிட்டால் பாலிசி தானாக ரத்தாகிவிடும் என்று மட்டும் தவறாமல் சொல்வார். அது உண்மைதான், ஒருநாளும் நான் தாமதித்ததில்லை. "அக்கா, இப்போ கடையில எவ்வளவு சரக்கு இருக்கு?" என்று ஒரு வருடமாவது அவரோ நீங்களோ கேட்டது உண்டா?

பழைய ரசீதுகளை எடுத்து வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்தத் தாளில் மாறியது வரி மட்டும்தான். முதலில் சேவை வரி என்றிருந்தது. 2015-இல் ஜிஎஸ்டி ஆனது. 2018-இல் மறுபடி சேவை வரி ஆனது. 2024 மார்ச்சில் 6 சதவீதம் 8 ஆனதும் 192 வெள்ளி 32 காசு என்றிருந்த என் ரசீது 195 வெள்ளி 76 காசு ஆனது. பத்துக் காசு பிசகவில்லை. வரியில் அவ்வளவு கவனம் வைத்த உங்கள் கணினிக்கு, அதே தாளில் மூன்று வரி மேலே இருக்கும் 60,000 மட்டும் கண்ணில் படவில்லை. 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசி ஒரு டன் 2,350 வெள்ளியிலிருந்து ஒரே நாளில் 3,200 ஆனதை நாடே பேசியது. ஒரு மூட்டைகூடக் கூட்டி வாங்காமலே என் கடைச் சரக்கின் மதிப்பு ஏறியது. எண்ணெய், பருப்பு எல்லாமே அப்படித்தான்.

இப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வருட நடுவில் எண்டோர்ஸ்மெண்ட் என்று ஒரு தாள் எழுதிக் காப்புறுதித் தொகையைக் கூட்டிக்கொள்ளலாமாம். நான் கட்டுகிற விகிதத்தில் இன்னும் இருபதாயிரம் கூட்டியிருந்தால், வருடம் முழுவதற்குமே வரியோடு அறுபது வெள்ளி சொச்சம்தான் ஆகியிருக்கும். ஒரு தீபாவளிக்கு நான் சும்மா கொடுக்கிற நாட்காட்டிக்கே அதைவிட அதிகம் செலவாகிறது.

அடுத்து, உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி. கடையில் கேஸ் தோம்பு (சிலிண்டர்) விற்பதை நான் அறிவிக்கவில்லை, அதனால் "நிறுவனம் தன் உரிமைகளைத் தக்கவைத்துக்கொள்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பேசாமல் வாங்கிக்கொள், இல்லாவிட்டால் இதுவும் இல்லை என்று மிரட்டுகிற மாதிரிதான் எனக்குப் படுகிறது. ஏஜெண்டும் அதையே வேறு விதமாகச் சொன்னார்: "கையெழுத்துப் போட்டுடுங்க அக்கா, பெரிசு பண்ணாதீங்க."

தீ என் கடையில் தொடங்கவில்லை, பொம்பா அறிக்கையில் அது தெளிவாக இருக்கிறது. தோம்புகள் பின்கட்டில் கம்பிக் கூண்டில் இருந்தன, ஒன்றும் ஆகவில்லை. அதெல்லாம் இருக்கட்டும். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையை என் மகள் தேடி எடுத்துப் படித்துக் காட்டினாள். வீட்டுக்கும் சொந்தத் தேவைக்கும் காப்புறுதி எடுக்கிறவர் கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும். தொழிலுக்கு எடுக்கிறவர், கேட்காவிட்டாலும் முக்கியமானதைத் தானே முன்வந்து சொல்ல வேண்டும். தொழிற்சாலை முதலாளிக்கும் சில்லறைக் கடைக்காரிக்கும் இதில் ஒரே சட்டம். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் சட்டம் அது. அதே அட்டவணையில் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் ஏஜெண்டுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரிந்ததாகவே கருதப்படும். உங்கள் ஏஜெண்டு எட்டு வருடமாக என் கடையில்தான் கேஸ் தோம்பு வாங்குகிறார். வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்குவது என் கடைப் பையன். 555 புத்தகத்தில் அவர் பெயரில் ஒரு பக்கமே இருந்தது.

இருந்தது என்றுதான் சொல்ல முடியும், புத்தகங்கள் எரிந்துவிட்டன. கணக்குப் புத்தகங்களுக்குப் பாலிசியில் இடமில்லை என்று அதற்கும் ஒரு வரி வைத்திருக்கிறீர்கள். வாங்கிய கடனைச் சொல்லிக் கொடுத்தவர்கள் பலர், சொல்லாதவர்கள் சிலர். அது என் பாடு, இந்த மடலில் அதை இழுக்கவில்லை.

தீக்குப் பிறகுதான் பாலிசியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். வெட்கம்தான், மறைக்கவில்லை. மகள் ஆங்கிலத்தில் படிக்க, நான் தமிழில் எழுதிக்கொள்ள, நாலு ராத்திரி ஆனது. அப்போது இன்னும் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. நான் வாங்கியது தீ, மின்னல், வீட்டு உபயோகக் கேஸ் வெடிப்பு, இவற்றுக்கு மட்டும். வெள்ளம் இல்லை. சுங்கை சிலாங்கூர் ஆறு ஓடுகிற ஊரில், ஒவ்வொரு வருடக் கடைசியிலும் சாக்கடை நிரம்பிப் படி வரைக்கும் தண்ணீர் வருகிற வரிசையில், வெள்ளம் இல்லாத பாலிசியைப் பதினொரு வருடத்துக்கு மேல் விற்றிருக்கிறீர்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் நாட்டுக்கு 610 கோடி வெள்ளி இழப்பு என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது. அதற்கு அடுத்த புதுப்பித்தலிலாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தீக் காப்புறுதிக் கட்டணப் பட்டியலில் வெள்ளத்துக்கென்று இருந்த விகிதம் 0.086 சதவீதம். என் அறுபதாயிரத்துக்கு 51 வெள்ளி 60 காசு. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

திருட்டுக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்திருக்கிறேன், அதுவும் உங்களிடம்தான். பூட்டை உடைத்தோ கூரையைப் பிரித்தோ வந்தால்தான் அது செல்லும் என்பது சில வருடத்துக்கு முன், பட்டப்பகலில் ஒருவன் கல்லாப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு பாடத்தையும் இப்படி நட்டப்பட்டே படிக்க வேண்டுமென்றால், ஏஜெண்டு எதற்கு? தீக் காப்புறுதியில் பிரீமியத்தில் 15 சதவீதம் வரை ஏஜெண்டுக் கமிஷனாகப் போகிறது. வருடத்துக்கு இருபத்தைந்து வெள்ளி சொச்சம், அவர் காரில் வந்து போகிற எண்ணெய்க் காசுக்கே காணாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஏழு கடையையும் ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டுப் போகிறவருக்கு, ஒரு கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்க முடியாதா?

சரி, நான் கேட்பதைச் சொல்கிறேன்.

மொத்தச் சரக்கையும் இழப்பையும் ஒரே அடிப்படையில், அதாவது வாங்கிய விலையில், மறுபடி கணக்கிடுங்கள். பலகாரப் போத்தல்களை மொத்தத்திலிருந்து எடுங்கள். என் கணக்கில் தப்பு இருந்தால் எந்த வரியில் தப்பு என்று எழுத்தில் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். அட்ஜஸ்டர் அறிக்கையின் நகல் ஒன்று எனக்கு வேண்டும். இரண்டு தடவை கேட்டும் வரவில்லை.

24,980 வெள்ளி எனக்குச் சேர வேண்டும் என்பதில் உங்களுக்கே சந்தேகம் இல்லை. அதை இப்போதே கொடுங்கள், முன்பணமாக, "முழுமையான, இறுதியான" என்ற வரி இல்லாமல். மீதியைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். கடை நாலு மாதமாகப் பின்கட்டில் ஒரு மேசை போட்டு நடக்கிறது. தகராறு இல்லாத பணத்தைத் தகராறு உள்ள பணத்துக்குப் பணயமாக வைக்காதீர்கள்.

கேஸ் தோம்பு பற்றிய பத்தியைக் கடிதம் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். நாளைக்கு நான் வேறு நிறுவனத்துக்குப் போனால், முன்பு எந்த நிறுவனமாவது ஆட்சேபம் தெரிவித்ததா என்று கேட்பார்கள். அந்தக் கறை எனக்கு வேண்டாம்.

அடுத்தது எனக்காக இல்லை. எங்கள் வரிசையில் மீதி ஆறு கடைக்கும், வருகிற தீபாவளிக்குள், விஷயம் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். வருடத்தில் எந்த மாதம் சரக்கு அதிகம், எவ்வளவு, அடுத்தவர் பொருள் ஏதாவது கடையில் இருக்கிறதா, புதிதாக என்ன விற்கிறீர்கள், வெள்ளத்துக்கு வேண்டுமா வேண்டாமா. இந்தக் கேள்விகளைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஒரே பக்கத்தில் அச்சடித்து, ஒவ்வொரு புதுப்பித்தலிலும் கடைக்காரரின் பதிலை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். முடிதிருத்தும் கடை அண்ணனுக்கும், பூக்கடை அம்மாவுக்கும், மூலையில் இருக்கும் சீனர் ஹார்ட்வேர் கடைக்கும் எவரேஜ் என்றால் என்ன என்று இன்றைக்கு நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பூக்கடை அம்மா தன் பாலிசியை எடுத்துவந்து காட்டினார். அதில் இன்னும் அவர் பழைய வாடகைக் கடையின் எண் இருக்கிறது.

இந்த மடல் உங்களுக்குக் கிடைத்து இருபத்தொரு நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். "பரிசீலனையில் உள்ளது" என்பதை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மறுப்பதாக இருந்தாலும் இறுதி முடிவு என்று தலைப்பிட்டு எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதம் கையில் இருந்தால் ஆறு மாதத்துக்குள், இந்த மாதிரித் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவையிடம் போகலாம், அங்கே கட்டணமும் இல்லை. 2025 ஜனவரியிலிருந்து நடக்கிறது. 250,000 வெள்ளி வரைக்குமான காப்புறுதி வழக்கை எடுக்கிறார்கள், என்னுடையது அதில் ஒரு மூலைக்கும் காணாது. மனுவைத் தமிழில் எழுதி வைத்துவிட்டேன், மகள் மலாயில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அங்கே போகாமல் முடிந்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

அட்ஜஸ்டரை மறுபடி அனுப்புவதாக இருந்தால் அதே தம்பியையே அனுப்புங்கள். வாங்கிய பில்கள் மாதவாரியாக மூன்று கட்டாகவும், ஒன்பது பெண்களும் கையெழுத்துப் போட்ட பலகாரப் பட்டியல் தனியாகவும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவிர எப்போது வந்தாலும் நான் கடையில் இருப்பேன். பின்பக்கச் சந்து வழியாக வரச் சொல்லுங்கள், முன்கதவு இன்னும் பலகை அடித்துத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
சில்லறைக் கடைக்காரி,
பெஸ்தாரி ஜெயா